கொடிக்கு எழுத்து எதற்கு?

(இரண்டாமாண்டு, இயந்திரவியல்)



எங்க ஊருக்கு ஒரு மினி பஸ் வரும். அதன் முன்கண்ணாடிக்குக் கீழே தோகை விரித்த மயில் ஒன்று வரைந்திருக்கும். பஸ்ஸுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது 'மயில் பஸ்'தான். என் அம்மா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். ஆனாலும் மயில் பஸ் தூரத்தில் திரும்பும்போதே கண்டுபிடித்து, கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தயாராகிவிடுவார்.

நான் டிப்ளமோ சேர்ந்த வருஷம் அந்த பஸ்ஸுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். மயிலை அழித்துவிட்டு, பெயரை வளைத்து நெளித்து ஸ்டைலாக எழுதிவிட்டார்கள். எனக்கே நின்று நிதானித்துத்தான் படிக்க முடிந்தது. அன்று சந்தைக்குப் போன அம்மா, எதிரே வந்து நின்ற பஸ்ஸைப் போகவிட்டு, இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "மயிலு இன்னைக்கு வரவே இல்லடா தம்பி" என்றார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

இந்தக் கதை ஆண்டு மலரில் எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. நம்ம மாணவர் பேரவைக்குத் தனிக்கொடி வேண்டும் என்று இந்த வருஷம் முடிவாகியிருக்கிறது. ரொம்ப சந்தோஷம். முதல் மாதிரியை நோட்டீஸ் போர்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பற்சக்கரம், அதற்குள் புத்தகம், மேலே விளக்கு, கீழே மெயின் பிளாக் கட்டிடம், சுற்றிலும் வட்டமாகக் கல்லூரியின் பெயர், அடியில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம், கடைசியாக ஆரம்பித்த வருஷம்! வரைந்த நண்பரின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு அந்த மினி பஸ் ஞாபகம்தான் வந்தது.

சரி, கொடி விஷயத்தில் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்கள்கூடத் தனிக்கொடி வைத்திருக்கின்றன. ஐடஹோ மாநிலத்தில் பொகடெல்லோ என்று ஓர் ஊர். ரயில் பாதையால் வளர்ந்த ஊர். மக்கள்தொகை சுமார் 56,000. நம் பக்கத்து நடுத்தர நகராட்சி அளவுதான். அந்த ஊரின் பழைய கொடி எப்படி இருந்தது தெரியுமா? வெள்ளைத் துணி, அதன் நடுவே ஊரை விளம்பரம் செய்வதற்காகப் போட்ட எழுத்துச் சின்னம். 'பொகடெல்லோக்காரன் என்பதில் பெருமை' என்ற பொருளில் ஒரு வாசகம். அதோடு விட்டார்களா? பற்பசை டப்பாவில் இருப்பதுபோல வணிக முத்திரைக் குறி, காப்புரிமை வரி எல்லாம் கொடியிலேயே!

2004ஆம் ஆண்டில் வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 150 நகரங்களின் கொடிகளை வைத்து ஒரு மதிப்பீடு நடத்தியது. வாஷிங்டன் முதலிடம், சிகாகோ இரண்டாமிடம். பொகடெல்லோவுக்கு 150ஆவது இடம், அதாவது கடைசி! 2015இல் ரோமன் மார்ஸ் என்ற வானொலிக்காரர் நகரக் கொடிகளைப் பற்றி மேடையில் பேசும்போது இந்தக் கொடியைக் காட்டினார். அந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியது.

வேறு ஊராக இருந்தால் கோபப்பட்டிருப்பார்கள். பொகடெல்லோக்காரர்கள் வேலையில் இறங்கினார்கள். நகராட்சியே ஒரு குழு அமைத்தது. யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம் என்று அழைத்தது. வந்த வடிவங்கள் எழுநூறுக்கும் மேல்! அவற்றைச் சலித்து, மக்கள் கருத்தைக் கேட்டு, கடைசியில் 2017 ஜூலை 20ஆம் தேதி நகர மன்றம் புதுக்கொடியை ஏற்றுக்கொண்டது. நீலப் பின்னணியில் மூன்று சிவப்பு மலைச் சிகரங்கள். ஊரைச் சுற்றி மலைகள், கொடியிலும் மலைகள். ஓர் எழுத்துகூடக் கிடையாது.

இந்தக் காற்று ஒரே ஊரோடு நிற்கவில்லை. 2015 முதல் 2021 வரை புதிதாக வந்த நகரக் கொடிகளை மட்டும் வைத்து அதே சங்கம் 2022இல் மறுபடி மதிப்பீடு நடத்தியபோது, போட்டிக்கு வந்தவை முந்நூறுக்கும் மேல்.

கொடி வரைவதற்கு அவர்கள் பார்க்கும் விதிகள் ஐந்தே ஐந்துதான். டெட் கே என்பவர் தொகுத்து 2006இல் வெளியான ஒரு சின்னக் கையேட்டில் இருக்கின்றன. ஒன்று, ஒரு குழந்தை பார்க்காமலே வரையும் அளவுக்கு எளிமை வேண்டும். இரண்டு, உருவத்துக்கும் நிறத்துக்கும் பொருள் வேண்டும். மூன்று, இரண்டு அல்லது மூன்று நிறங்கள் போதும். நான்கு, எழுத்தோ அலுவலக முத்திரையோ கூடாது. ஐந்து, மற்றவர் கொடியிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும். உறவைக் காட்ட வேண்டுமானால் மட்டும் சாயல் இருக்கலாம்.

வரைவதற்கு முன் ஒரு சோதனையும் சொல்கிறார்கள். ஒரு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம் கட்டம் போட்டு, அதற்குள்ளேயே கொடியை வரைய வேண்டும். ஏனென்றால் கம்பத்தில் பறக்கும் கொடி தூரத்திலிருந்து அவ்வளவு சிறிதாகத்தான் தெரியும். நம்மிடம்தான் மினி டிராஃப்டர் இருக்கிறதே, சும்மா விடுவேனா? கணக்குப் போட்டேன். 5 அடி நீளம், 3 அடி உயரம் உள்ள கொடி 100 அடி தூரத்தில் பறக்கிறது. 100 அடி என்பது 1,200 அங்குலம். அதே தோற்றத்தைக் கண்ணிலிருந்து 15 அங்குலத்தில் வைத்துப் பார்த்தால், வடிவொத்த முக்கோண விதிப்படி அளவு 80இல் ஒரு பங்கு. ஆக நீளம் 0.75 அங்குலம், உயரம் 0.45 அங்குலம். அதாவது சுமார் 19 மி.மீ.க்கு 11 மி.மீ.! அவர்கள் சொல்லும் கட்டத்தைவிட நிஜம் இன்னும் சிறியது.

நோட்டீஸ் போர்டில் இருந்த மாதிரியை ஒன்றரை அங்குலக் கட்டத்தில் 0.5 பென்சிலால் வரைந்து பார்த்தேன். பற்சக்கரம் ஒரு புள்ளி. புத்தகம் ஒரு கோடு. வாசகமும் வருஷமும் வெறும் அழுக்கு. என் ரூம்மேட்டிடம் காட்டி, "இது என்னடா?" என்று கேட்டேன். "இங்க் கொட்டிருச்சா?" என்றான்!

நான்காவது விதியை அவர்கள் அழகுக்காகச் சொல்கிறார்கள். காற்றில் ஆடும் துணியில் எழுத்துத் தெரியாது, பின்பக்கமிருந்து பார்த்தால் இடம் வலமாகத் திரும்பியிருக்கும் என்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. எழுத்து போட்ட கொடி, படித்தவனோடு மட்டும்தான் பேசும். நம் நாட்டுக்கு இது புதிய பாடம் அல்ல. 1951 கணக்கெடுப்பின்போது நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அதனால்தான் 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒரு சின்னம் என்று வைத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத மக்கள் சரியான பெட்டியைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். படம் தாழ்ந்தது, எழுத்து உயர்ந்தது என்று நினைப்பது படித்த நமக்கு வந்த நோய்!

இதற்கு நண்பர்கள் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். முதல் கேள்வி: "விதி போட்டு வரைஞ்சா எல்லாக் கொடியும் ஒரே மாதிரி ஆயிடாதா?" நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் புதுக்கொடிகளிலும் ஒரு வளைந்த ஆறு, ஒரு நட்சத்திரம், ஒரு மலை என்று திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். அதற்கு மருந்து எழுத்தைச் சேர்ப்பதல்ல. நம் மண்ணைக் கூர்ந்து பார்ப்பது. பற்சக்கரம் எல்லாப் பாலிடெக்னிக்கிலும் இருக்கிறது. நம் வொர்க்‌ஷாப் வாசலில் நிற்கும் புளியமரம் வேறு எங்கே இருக்கிறது?

இரண்டாவது கேள்வி: "பசங்க எல்லாரையும் வரையச் சொன்னா முடிவுக்கு வருமா?" இதற்கு மில்வாக்கி என்ற பெரிய நகரத்தின் கதையைச் சொல்கிறேன். அதன் 1950களின் கொடியில் கப்பல், தொழிற்சாலை, தேவாலயம் என்று எல்லாவற்றையும் திணித்திருந்தார்கள். கொடிக்குள் ஒரு கொடிகூட உண்டு! 2016இல் ஆர்வலர்கள் ஒரு போட்டி நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேல் வடிவங்கள் வந்தன. ஏரியின் மேல் சூரியன் உதிக்கும் கொடியை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் போட்டியை நடத்தியது மாநகராட்சி அல்ல. ஆகவே மன்றம் ஒப்புதல் தராமல் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டது. மக்கள் காத்திருக்கவில்லை, வீட்டு வாசலிலும் கடையிலும் சட்டையிலும் அந்தக் கொடியைப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொகடெல்லோவில் ஏற்க வேண்டியவர்களே மக்களை அழைத்தார்கள்; வேலை முடிந்தது. பலபேர் வரைவது குழப்பம் இல்லை. யார் ஏற்பது என்று முதலிலேயே பேசி வைக்காததுதான் குழப்பம்.

ஆகவே நம் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். இப்போதைய மாதிரியைத் துணியில் அடிக்க ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மாதம் பொறுங்கள். எல்லாத் துறைக்கும், ஹாஸ்டலுக்கும், வொர்க்‌ஷாப் பணியாளர்களுக்கும் ஒன்றரை அங்குலக் கட்டம் போட்ட சீட்டு கொடுங்கள். வந்ததில் ஐந்தைப் பொறுக்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அதிக ஓட்டு வாங்கிய கொடியைப் பேரவை மாற்றாமல் ஏற்கும் என்று இன்றைக்கே தீர்மானம் போடுங்கள். கடைசியாக ஒரு தேர்வு: அந்த ஐந்தையும் மெஸ்ஸில் சமைக்கும் அக்காவிடம் பத்தடி தூரத்தில் நின்று காட்டுங்கள். மறுநாள், "நேத்து பார்த்ததுல எதுக்கா ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் கொடி.

ஆண்டு விழாவுக்கு நம் பெற்றோர் வருவார்கள். என் அம்மாவும் வருவார். என் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கம்பத்தில் பறப்பதைப் பார்த்து, "அது என்னடா தம்பி எழுதியிருக்கு?" என்று அவர் என்னைக் கேட்கக் கூடாது. "அதோ, உங்க காலேஜ் கொடி!" என்று அவரே எனக்குக் காட்ட வேண்டும்.

சிந்திப்போம் நண்பர்களே! பிறகு வரைவோம்!