குளவியின் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம்?



பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் "குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில்" என்ற செய்தி நமக்குப் பழகிவிட்டது. உயிர் போனாலும் ஓர் அனுதாபம் எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம். இதைத் தலைவிதி என்று விட்டுவிடக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

தோட்டத்தில் நாம் குளவி என்று சொல்வது பல நேரம் பெரிய மலைத்தேனீதான். சிங்களத்தில் பம்பரா என்பார்கள். உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும். குர்ஆனின் 16ஆம் அத்தியாயத்துக்கே தேனீயின் பெயர்தான். ஆனால் அதன் கண்ணைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மிகக் குறைவு.

கார்ல் வொன் பிரிஷ் என்ற ஆய்வாளர் சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, அதில் மட்டும் சீனித் தண்ணீர் கொடுத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு தண்ணீர் இல்லாதபோதும் அவை நீலத்தையே தேடி வந்தன. தேனீக்கு நிறம் தெரியும் என்று 1914இல் இப்படி நிரூபித்தார். 1973இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தேனீக்கு நீலமும் பச்சையும் தெரியும். நமக்குத் தெரியாத புற ஊதாவும் தெரியும். பூவில் தேன் இருக்கும் இடத்தை அந்தக் கோடுகளே காட்டிக்கொடுக்கின்றன. சிவப்பு மட்டும் அதற்குக் கறுப்புப் போலத்தான்.

இது நமக்கு ஏன் முக்கியம்? கலைந்த தேனீ, அசைகின்ற கருமையான உருவத்தைத்தான் முதலில் தாக்கும். தேனீ வளர்ப்பவர்கள் வெள்ளை உடுத்துவது அதனால்தான். கொழுந்து பறிக்கும் நம் பெண்களோ கருநிறப் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறார்கள். படங்கும் தலைத்துண்டும் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் என்ன செலவு கூடிவிடும்?

நிறம் மட்டும் காப்பாற்றிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்திலிருந்து கிளம்பும் வாசனை மற்றத் தேனீக்களையும் அங்கே அழைக்கும். அதனால் கொடுக்கை உடனே சுரண்டி எடுக்க வேண்டும். நின்று கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டடத்துக்குள் நுழைய வேண்டும். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் நிர்வாகம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மலைக்கு ஆள் அனுப்பமுன் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அன்று வேறு மலையில் வேலை கொடுக்க வேண்டும். கூட்டைக் கண்டு இறங்கி வந்தவருக்கு அரைப்பேர் போடுவது நியாயமில்லை. கூலி வெட்டு விழும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் கூட்டைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டார்கள்.

தேனீ தன் கூட்டைக் காக்கிறது. நம் தாய்மாரைக் காப்பது யார் பொறுப்பு? தோட்டக் கமிட்டிகளும் தொழிற்சங்கங்களும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும். பாடசாலையில் சொல்லிக்கொடுப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.