முன்பக்கப் பொய்க்குப் பின்பக்கம் பரிகாரமல்ல

வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தைக்காக மருந்துக்கடைக்கு ஓடும் தாய் கேட்பது வாய்வழி நீரேற்றக் கரைசலான ஓ.ஆர்.எஸ். அந்தப் பெயரை முகப்பில் தாங்கிய இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகள் நம் கடைகளில் விற்பனையாயின. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கரைசலில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. இந்த விகிதம்தான் மருந்து. குளுக்கோஸையும் சோடியத்தையும் குடல் சேர்த்து உறிஞ்சும்போது தண்ணீரும் கூடவே உள்ளே போகிறது. சர்க்கரை மிகுந்தாலோ உடலின் நீர் குடலுக்குள் இறங்கி, வயிற்றுப்போக்கு இன்னும் கூடும். அந்தப் பானங்களில் சர்க்கரை பல மடங்கு.

2022 ஏப்ரலில் இந்தப் பெயருக்குத் தடை விதித்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசல் இதுவல்ல என்று அச்சிட்டால் போதும் என ஜூலையிலேயே தளர்ந்தது. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபர் 14-ல்தான் அந்த அனுமதி ரத்தானது. பெரிய எழுத்தில் சொன்ன பொய்யைச் சிறிய எழுத்து மறுப்பு திருத்தாது என்பதை ஒப்புக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின.

விவரமெல்லாம் உறையில் இருக்கிறது, படிப்பது வாங்குபவர் பொறுப்பு என்பார்கள். அணுசக்தித் துறையின் குடியிருப்பான அணுபுரத்தையே எடுத்துக்கொள்வோம். அளவீடுகளோடு அன்றாடம் புழங்குவோர் பலர் வாழும் ஊர். அவர்களும்கூட, அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, 100 மில்லிக்கு இத்தனை கிராம் என்றால் கையிலுள்ள டப்பாவுக்கு எத்தனை என்று கணக்குப் போட முடியாது. பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தின் மீனவத் தாய்க்கோ இன்னொரு தடையும் உண்டு. உறையில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்கிறது விதி, தமிழ் கட்டாயமில்லை.

முன்பக்கத்தில் உரிமை கோருபவர் உண்மையையும் அங்கேயே சொல்ல வேண்டும். சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ மிகுந்த உறைகளின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை உண்டு. இங்கே 2022-ல் முன்மொழியப்பட்ட நட்சத்திர மதிப்பீடு, நார்ச்சத்தைக் காட்டிச் சர்க்கரையை மன்னிக்க இடம் தருகிறது. எச்சரிக்கை வந்தால் நம் முறுக்கும் மிக்சரும் தப்பாது என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் மரபுப் பலகாரத்திலுள்ள உப்பும் ரத்த அழுத்தத்தைக் கூட்டத்தான் செய்யும். கதிர்வீச்சுள்ள அறைக்கு எச்சரிக்கையைக் கதவிலேதான் மாட்டுகிறார்கள். உள்ளே போய்ப் பின்சுவரில் தேடிப் படிக்கச் சொல்வதில்லை. குழந்தைக்கு ஊட்டும் பானத்துக்கும் அதே நேர்மை வேண்டும்.