மிதி சிக்கினாலும் மதி சிக்கலாகாது

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கும் பாதையில் வளைவுக்கு மேல் வளைவு. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். அங்கே, காலை எடுத்த பின்னும் அக்ஸிலேட்டர் மிதி மேலெழாது சிக்கிக்கொண்டால் சாரதி யாது செய்வார்?

இது வெறுங் கற்பனையன்று. 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில், பொருந்தாத தரைவிரிப்பில் மிதி சிக்கிய காரொன்று கட்டுமீறி ஓடி, நால்வர் மாண்டனர். அதனை ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி!

அவ்வேளை பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தலாகாது. பெற்றோல் எஞ்சின் முழுவிசையில் ஓடுகையில், பிரேக்குக்குத் துணையாகும் வெற்றிடம் சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றுக. எஞ்சின் அலறும்; அலறட்டும். அதன் விசை சக்கரத்தை எட்டாது. ஓடும்போதே சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். ஓரமாக நின்றபின் கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க.

ஆயினும், இந்த நியூட்ரல் நிற்பதற்கே. எரிபொருளை மிச்சம்பிடித்து உருண்டிறங்குவதற்கன்று. எஞ்சினின் தடையின்றி மலையிறங்கினால் பிரேக் சூடேறிக் கெடும்.

வாகனமுடையோர் வண்டி நிற்கும்போதே இம்முறையைப் பழகுவாராக. புறப்படுமுன் ஒருமுறை குனிந்து, விரிப்பையும் பார்ப்பாராக.