மாசிக் காற்றும் கண்மாய் நீரும்

மேற்கு மலைத்தொடரின் மழை மறைவிலுள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களுக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கிய ஆதாரம். அது பொய்த்ததால் 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டதை விவசாயிகள் மறந்திரார்.

மாசி, பங்குனியில் மழை அபூர்வம். வெயிலும் வறண்ட காற்றும் கண்மாய் நீரை நாளுக்கு நாள் குறைத்துவிடும். சித்திரையில் பெய்யும் இடிமழையோ ஓர் ஊரை நனைத்து அடுத்த ஊரை விட்டுவிடும். அதனை நம்பி, எஞ்சிய நீரில் மறுபடியும் நெல் நடுவது விவேகமன்று. கதிர் வாங்கும் தருணத்தில் கண்மாய் வற்றினால் வித்தும் உழைப்பும் ஒருங்கே வீணாகும்.

அந்நீரை மாசிப்பட்டத்துப் பருத்திக்கும், உளுந்துக்கும், பிஞ்சு பிடிக்கும் மாமரங்களுக்கும் ஒதுக்குதலே உசிதம். மரத்தடியில் சருகு பரப்பினால் ஈரம் நிலைக்கும். கடைமடைக்கும் நீர் சேருமாறு முறை வகுப்பதில் கிராம அதிகாரிகள் இப்பொழுதே கருத்துச் செலுத்துவது நலம்.