கொல்லையை வெட்டவெளியாக்குவோருக்கு ஒரு மறுமொழி

வீட்டின் பின்புறத்தைத் தம் கையாலேயே திருத்தி அழகுபடுத்திக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை இப்போது பட்டணத்தாரோடு நில்லாமல் மலைமேல் வசிப்பவர்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆசையைக் குறை சொல்ல நான் வரவில்லை. கூலி கொடுத்துப் பிறரைக் கொண்டு செய்வித்த தோட்டத்தில் இல்லாத ஒரு பாத்தியதை, தானே கல்லெடுத்து வைத்துத் தானே மண்ணள்ளிக் கொட்டிய இடத்தில் ஒருவனுக்கு உண்டாகிவிடுகிறது என்பதை நானும் அநுபவத்தில் கண்டவன்தான். ஆனால் அந்த ஆசையின் முதுகில் ஏறிக்கொண்டு ஒரு சித்தாந்தமும் வந்து சேர்ந்திருக்கிறது. இருப்பதையெல்லாம் முதலில் வெட்டியெறிந்து தரையை மட்டமாக்கு, பிறகு தாளில் ஒரு படம் போடு, படத்தின்படி கல் பாவிப் புல் விரித்துப் பூச்செடி வை, நாலே நாளில் கொல்லை புதிதாகிவிடும் என்பது அதன் சாரம். கைப்பேசியைத் தொட்டால் இந்த உபதேசம். வார இதழைப் புரட்டினால் இந்த உபதேசம். சென்ற சித்திரையில் நாமக்கல்லிலிருந்து வந்த என் தங்கை மகனும் பை நிறைய இதே உபதேசத்தைத்தான் கொண்டுவந்தான். "மாமா, எனக்கு நாலு நாள் லீவு. உங்க கொல்லையை அடையாளம் தெரியாம ஆக்கிடறேன்" என்றான். அடையாளம் தெரியாமல் ஆக்கும் அந்தக் காரியத்தை அவனுக்கு முன்பே நான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியாது.

நான் குடியிருப்பது கொல்லி மலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய எடப்புளி நாட்டில். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே வந்தவர்களுக்கு இந்த மலையின் ஸ்வபாவம் சொல்லாமலே விளங்கும். கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே கிடைத்த சிறு திட்டுகளில் வீடு, வீட்டை ஒட்டி இரண்டு மூன்று சென்ட் சரிவு, அந்தச் சரிவுதான் கொல்லை. வீட்டுப் பின்புறத்துக்கும் மானாவாரி மேட்டு நிலத்துக்கும் தமிழில் 'கொல்லை' என்ற ஒரே சொல் வழங்குவதை நான் பள்ளியில் பாடம் சொன்ன காலத்தில் ஒரு விநோதமாகச் சொல்லியிருக்கிறேன். இங்கே வந்த பிறகு அதில் விநோதம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. இரண்டும் இங்கே ஒரே மண், ஒரே சரிவு, ஒரே மண்வெட்டி.

அந்தச் சித்தாந்தக்காரர்கள் கட்சியின் முதல் வாதம், சரிவு ஒரு குறை, அதை முதலில் போக்கிவிட வேண்டும் என்பது. சமவெளியில் மட்டமான தரை தானாகக் கிடைப்பது. மலையிலோ அது வருஷந்தோறும் செலவு செய்து காப்பாற்ற வேண்டிய வஸ்து. ஆறு வருஷங்களுக்கு முன், பக்கத்தில் சாலை வேலைக்கென்று மேலே வந்திருந்த ஒரு பொக்லைன் இயந்திரத்தை இரண்டு மணி நேரம் வாடகைக்குப் பேசி, என் கொல்லையின் மேற்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியில் கொட்டி மட்டமாக்கிக்கொண்டேன். முடிந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வகையில் மட்டப்படுத்தும்போது உண்மையில் என்ன நேருகிறதென்றால், இலையும் சாணமும் மட்கிப் பல தலைமுறையாகச் சேர்ந்த கருத்த மேல்மண் முழுவதும் கீழே புதைந்துபோய், வெட்டுப்பட்ட பாதியில் ஒன்றும் முளைக்காத அடிமண் வெளியே வந்து நிற்கிறது. கொட்டப்பட்ட பாதியோ, இறுகாத மண்ணாகையால், முதல் பெருமழைக்கே உட்கார்ந்துவிடுகிறது. ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு கீழ்விளிம்பு நழுவிற்று. கறிவேப்பிலை மரத்தையும் கூடவே கொண்டுபோயிற்று. காலையில் கீழ்வீட்டு ஆயா வந்து, தன் களத்தில் வந்து கிடந்த என் மண்ணைச் சற்று நேரம் பார்த்தபடி நின்றாள். "தண்ணி போற தடத்துல மண்ணைப் போட்டு அடைச்சுப்புட்டீங்களே வாத்தியாரே, அது வேற எங்க போவும்?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை; பாடம் படிக்காத பையனைக் கேட்பது போல் கேட்டாள். அந்தக் கொல்லையிலிருந்த பலா மரம் இன்னும் இரண்டு வருஷம் நின்று, பிறகு பட்டுப்போயிற்று. வேர்ப்பரப்பின்மேல் இரண்டடி மண்ணைக் கொட்டினால் வேருக்குக் காற்று எட்டாமல் மரம் மெல்லச் சாகும் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

தண்ணீரின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தக் கட்சியார் செலவுக் கணக்கு எல்லாம் போடுகிறார்கள், இதை மட்டும் போடுவதில்லை. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். இரண்டு சென்ட் கொல்லை ஏறக்குறைய 80 சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்யும் ஓர் இரவில் அதன்மேல் மட்டும் 4,000 லிட்டர் ஜலம் விழுகிறது. 200 லிட்டர் டிரம்மாக எண்ணினால் இருபது டிரம். மேல்வீட்டுக் கொல்லையிலிருந்தும் அதற்கு மேலுள்ள காட்டிலிருந்தும் இறங்கி வருவது இதில் சேரவில்லை. இத்தனை ஜலத்துக்கு வழி சொல்லாத எந்தத் திட்டமும் திட்டமாகாது.

மட்டமே கூடாது என்பது என் அபிப்பிராயமன்று. உட்கார ஓரிடம், துணி உலர்த்த ஓரிடம் வேண்டும்தான். அதற்குச் சரிவை ஒரே வெட்டாக வெட்டாமல் இரண்டு மூன்று படிகளாக்கி, ஒவ்வொரு படியையும் ஒரு கல்கட்டால் தாங்கச் செய்வதே இந்தப் பிரதேசத்துக்கு ஏற்ற முறை. சிமெண்டு பூசாத கல்கட்டு, இடுக்கெல்லாம் நீர் கசியவிட்டுத் தான் நிற்கும். பூசிய சுவரோ, நீர்க்கசிவுத் துளைகளை மறந்து கட்டினால், முதுகில் தேங்கிய நீரின் பாரத்தால் வயிறு தள்ளிப் பிறகு சாய்ந்துவிடும். அடிக்கல்லை இறுகிய மண் வரை தோண்டி வைப்பது, நீளமான கற்களை நீளவாட்டில் மண்ணுக்குள் செல்லும்படி இடையிடையே போடுவது, ஓரடி உயரத்துக்கு இரண்டங்குலம் வீதம் சுவரை மேட்டுப்பக்கம் சாய்ப்பது, பின்புறத்தில் மண்ணுக்குப் பதிலாகச் சிறுகல் நிரப்புவது, இவ்வளவுதான் அந்த சாஸ்திரம். மூன்றடி உயரம் வரை வீட்டுக்காரன் தானே கட்டலாம். அதற்கு மேல் போனால் விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுவது உத்தமம். கட்டின் விளிம்பில் வெட்டிவேர் நட்டால் இன்னும் க்ஷேமம். 1980களில் உலக வங்கியின் வேளாண் அலுவலர்கள் மண்ணரிப்பைத் தடுக்க உலகத்துக்கெல்லாம் சிபாரிசு செய்த அந்தப் புல்லை, மைசூர்ப் பக்கத்து உழவர்கள் அதற்கு நெடுநாள் முன்பே வரப்போரத்தில் நட்டுவந்தார்கள்.

'இருப்பதையெல்லாம் நீக்கு' என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் அலெக்சாண்டர் தம் கூட்டாளிகளோடு 1977இல் வெளியிட்ட பெரிய நூலில், ஒரு மனையில் மிக நன்றாயிருக்கும் இடத்தைத் தொடாதே, மிகக் கெட்டுக் கிடக்கும் மூலையில் வேலையைத் தொடங்கு என்று உபதேசிக்கிறார். நம் ஜனங்கள் செய்வது நேர்விரோதம். பலா நிழல் விழும் இடத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், குப்பை கொட்டும் மூலை கடைசிவரை குப்பை கொட்டும் மூலையாகவே இருக்கிறது.

இரண்டாவது வாதம் தாளில் போடும் படத்தைப் பற்றியது. படம் வேண்டாம் என்று நான் சொல்வேனா? அது எந்த நாளில் போடப்படுகிறது என்பதுதான் கேள்வி. சித்திரை விடுமுறையில் வந்து படம் போடுகிறவனுக்கு மார்கழி வெயிலைப் பற்றி என்ன தெரியும்? நம் மலை இருக்கும் அட்சரேகையில், ஆனி மாத நடுப்பகலில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்க, பத்தடிச் சுவரின் நிழல் தெற்கே இரண்டடிதான் விழும். மார்கழியில் அதே சுவரின் நிழல் வடக்கே ஏறக்குறைய ஏழடி நீளும். வெயில் தாங்காமல் சித்திரையில் நிழலுக்கு ஏங்கி வைக்கிற பந்தல், மூடுபனி மாதங்களில் துணி உலர விடாமல் ஈரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஆகையால் ஒரு வருஷம் முழுவதும் கொல்லையைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதே திட்டத்தின் முதல் அங்கம் என்பது என் கட்சி. மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நிற்க வேண்டும். நீர் எங்கே நுழைகிறது, எங்கே சுழல்கிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து, அந்த இடங்களில் மூங்கில் முளைகளை அடித்துவைக்க வேண்டும். மழை விட்டபின், கொத்தனார்கள் வைத்திருப்பது போல் நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டால், எந்த முளைக்கும் எந்த முளைக்கும் எத்தனை அங்குலம் வித்தியாசம் என்பது பிரத்தியட்சமாகிவிடும். அதற்குப் பிறகு தாளை எடுக்கலாம். வீட்டுப் பெண்கள் ஒரு நாளில் எத்தனை முறை, எந்த வழியாக, கையில் என்ன எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறார்கள் என்பதையும் அந்தத் தாளில் குறிக்க வேண்டும். என் மருமகன் போட்ட படத்தில் அடுப்படிக்கும் துவைக்கும் கல்லுக்கும் இடையே ஒரு தாமரைத் தொட்டி வந்திருந்தது.

புல்தரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தூறல் ஓயாத ஆங்கிலேயர் தேசத்தில் அது இயல்பாக வளர்வது. அங்கேயும் அதை வெட்டி மாளாமல்தான் எட்வின் படிங் என்பவர் 1830இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எங்கள் கொல்லையில் தை பிறந்தால் மிளகு பறித்து உலர்த்த வேண்டும், சாமையோ கேழ்வரகோ இருந்தால் அதுவும் வெயிலுக்கு வர வேண்டும். சாணம் மெழுகிய தரையில் உலர்கிற மிளகு, பனி கோத்த புல்லின்மேல் எப்படி உலரும்? புல்லுக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கோடையில் யார் சுமப்பது?

செடிகளின் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். தானாக முளைத்ததெல்லாம் களை, விலை கொடுத்து வாங்கியதெல்லாம் செடி என்பது இவர்கள் பாகுபாடு. உண்ணிச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று சாலையோரத்திலும் காட்டுக்குள்ளும் வேறெதையும் வளரவிடாமல் அடர்ந்து கிடக்கும் அதை யாரும் காட்டுச்செடி என்றுதான் நினைப்பார்கள். அது அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பிரதேசத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தாவரத் தோட்டத்துக்கு அழகுப் பூச்செடியாக அழைத்து வரப்பட்ட விருந்தாளி. யாரோ ஒருவருடைய தோட்டத்தை அழகு செய்ய வந்தது, பறவைகள் பழத்தைத் தின்று விதையை எச்சமிட்ட வழியாக ஊரையெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே மலையில் கொல்லை வைத்திருப்பவன் வாங்குகிற ஒவ்வொரு செடிக்கும் காட்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் நான்கு விளைவுகளைப் புறநானூற்றில் கபிலர் எண்ணுகிறாரே, மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று. அவற்றுள் பலாவும் கிழங்கும் எங்கள் கொல்லைகளில் இன்றைக்கும் உண்டு. சேம்பு, மஞ்சள், அவரைப் பந்தல், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி, அதன் நிழலில் நாலு காப்பிச் செடி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் அந்த அடுக்கில் அழகு இல்லை என்று சொல்பவர்கள், காலைப் பனி விலகும் நேரத்தில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். குரங்குகளுக்கும் என் அபிப்பிராயம்தான் என்பது தனி வழக்கு.

கடைசியாக, தானே செய்தால் செலவு மிச்சம், நாலு நாளில் முடியும் என்ற வாதம். பாவுகல்லும் சிமெண்டும் மணலும் எழுபது வளைவு ஏறிவரும் லாரி வாடகையைச் சேர்த்தால் அந்த மிச்சம் மலையடிவாரத்திலேயே தங்கிவிடும். கல் இங்கேயே கிடைக்கிறது, வேண்டியது ஆள். 'தானே' என்பதைத் 'தனியே' என்று இவர்கள் புரிந்துகொண்டதில்தான் பிசகு. என் கல்கட்டை நான் கட்டியது மூன்று தை மாதங்களில், ஒரு வருஷத்துக்கு ஒரு படியாக. கீழ்வீட்டு ஆயாவின் மகன் எனக்கு நாலு நாள் கல் தூக்கினான், அவன் மிளகு பறித்தபோது நான் நாலு நாள் ஏணி பிடித்தேன். எந்தக் கல் எந்தக் கல்லின்மேல் உட்காரும் என்பதைக் கையில் எடுத்த கணத்திலேயே அவன் சொல்லிவிடுவான். நானோ ஒரு கல்லை மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பேன்.

மருமகன் வந்த நாலு நாளையும் வீணாக்கினோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். துவைக்கும் கல்லைச் சுற்றிச் சேறு மிதிபடுகிறது, அங்கே மட்டுமாவது சிமெண்டுத் தளம் வேண்டும் என்று அவன் ஒரே பிடிவாதமாகச் சொன்னான். அதில் நியாயம் இருந்தது. நாலடிக்கு நாலடி தளம் போட்டோம். ரசமட்டத்தை வைத்து அவன் குமிழியைச் சரியாக நடுவில் நிறுத்தியபோது, நான் ஒரு முனையைச் சற்றுத் தாழ்த்தி வாட்டம் வைக்கச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டான். வாழை இருக்கும் பக்கம் என்றேன்.