சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் இன்ஜின் செலவைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இந்தப் பழமொழிதான் வந்து விழும். "வண்டியை வித்தா எண்பதாயிரம் வரும். இன்ஜின் வேலைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கேக்கறான். பேசாம காயலான் கடையில தள்ளிட வேண்டியதுதான்!" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு தப்பு என்பது என் கட்சி.

நண்பர்களே, வண்டியின் விற்பனை விலைக்கும் இன்ஜின் செலவுக்கும் முடிச்சுப் போடுவதே முதல் கோணல். விற்கப் போகிறவனுக்குத்தான் விற்பனை விலை. ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அந்த வண்டி இன்னும் எத்தனை வருடம் லோடு இழுக்கும் என்பதுதான் விலை. இன்ஜின் வேலையை ஒழுங்காகச் செய்து நாலு வருடம் ஓட்டினால், 1,20,000 ரூபாயை 48 மாதத்தால் வகுத்துப் பாருங்கள். மாதம் 2,500 ரூபாய். புது மினி லாரிக்கு மாதத் தவணை எவ்வளவு என்று எந்த பைனான்ஸ் கம்பெனியிலாவது விசாரித்துவிட்டு வந்து இந்தத் தொகையைப் பக்கத்தில் வையுங்கள். "அந்தப் பணத்துக்கு இன்னொரு பழைய வண்டி வாங்கலாமே" என்பீர்கள். தாராளமாக வாங்கலாம். அதன் இன்ஜின் எந்த லட்சணத்தில் இருக்கிறது, விற்கிறவர் ஏன் விற்கிறார் என்பதை யார் சொல்வது? தெரிந்த பேயை விட்டுவிட்டுத் தெரியாத பேய்க்கு மாலை போடுகிற கதைதான்.

ஆனால் இதெல்லாம் இன்ஜின் வேலை உண்மையிலேயே தேவைப்பட்டால்தான். தேவையா என்பதை யார் பார்க்கிறார்கள்?

சென்ற விடுமுறையில் ஒரு லேத் பட்டறையில் உதவிக்குப் போய்க் கொண்டிருந்தேன். காய்கறி லோடு அடிக்கும் ஒருவர் பழைய 407 வேனோடு வந்தார். கரும்புகை, பிக்கப் இல்லை, மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது. வேறொரு ஒர்க் ஷாப்பில் பார்த்த மாத்திரத்தில் "புல் இன்ஜின்" என்று சொல்லி லட்சத்து இருபது கேட்டிருந்தார்கள். மனைவியின் நகையை அடகு வைக்கிற யோசனையில் இருந்தார் மனுஷன். பட்டறை அண்ணன் போரைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் ஏர் பில்டரைக் கழற்றி உதறினார். பிறகு கம்ப்ரெஷன் கேஜ் வைத்து நாலு சிலிண்டரையும் பார்த்தார். நாலும் நன்றாகவே இருந்தன. நாசிலும் பம்ப்பும் டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குப் போயின. எல்லாம் சேர்ந்து 23,000 ரூபாயில் வேலை முடிந்தது. அந்தக் குடும்பத்துக்கு மிச்சமான தொகையை நீங்களே கழித்துக் கொள்ளுங்கள்.

புகை பேசும், நாம்தான் கேட்பதில்லை. கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு; நாசில், பம்ப், பில்டர் பக்கம் போக வேண்டும். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. அதிலும் இரண்டு வகை உண்டு. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் குப்பென்று வந்தால் வால்வு கைடையும் ஆயில் சீலையும் முதலில் சந்தேகப்படலாம். ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். இழுக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங்கும் போரும். வெண்புகை நிற்காமல் வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். பெட்ரோல் வண்டி என்றால் இன்னொரு வழி: கம்ப்ரெஷன் குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், போர் கோளாறு. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். (டீசலில் இந்த விளையாட்டு வேண்டாம். பிஸ்டனுக்கு மேலே இருக்கிற இடமே துளியூண்டு. ஆயில் நின்றுவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.)

சரி, இறக்கியே ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அப்போதும் அளந்துதான் செலவு. நம் எல்லோருக்கும் தெரிந்த அம்பாசடரையே எடுத்துக் கொள்வோம். நாலு சிலிண்டர், போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ.; பெருக்கிப் பார்த்தால் அந்தப் பழைய 1489 சி.சி. வந்து நிற்கும். சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அதிலும் பிஸ்டன் சாய்ந்து அழுத்துகிற பக்கம் இன்னும் அதிகம். அதனால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் போர் டயல் கேஜ் போட வேண்டும். பழைய இன்ஜின்களுக்கு 0.20 மி.மீ. தாண்டினால் ரீபோர் என்பது பொதுவான கணக்கு. திட்டமான எண் அந்தந்த சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ரீபோர் செய்தால் 20 சைஸ், 30 சைஸ், 40 சைஸ் என்று பிஸ்டன் ஏறிக்கொண்டே போகும். அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு. கிராங்க் ஷாப்டோ அரைக்க அரைக்க இளைக்கும், பேரிங் தடிக்கும். கடைசி சைஸும் தீர்ந்துவிட்டால் லைனர். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பத்தான் போரை வெட்ட வேண்டும். போரை வெட்டிவிட்டுப் பிஸ்டன் தேடுகிறவர்களையும் பார்த்தேன்!

2014-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்ற பிறகும் இதற்கெல்லாம் நமக்கு வழி இருக்கிறதென்றால், சென்னையில் 1949-லேயே இந்தியா பிஸ்டன்ஸ் மாதிரி ஆலை வந்ததும், ஊருக்கு ஊர் லேத் பட்டறை இருப்பதும்தான் காரணம்.

எனக்குக் கோபம் வருவது "பாதி இன்ஜின்" மேல்தான். போர் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். அதில் புது ரிங்கை மட்டும் போட்டு மூடுவார்கள். வட்டமான ரிங் முட்டைக்குள் எப்படிப் படியும்? நாலே மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி! இறக்கி ஏற்றும் கூலி, கேஸ்கட், ஆயில் எல்லாம் இரண்டாம் தடவை. வண்டி நிற்கிற நாட்களின் வருமானத்தை எந்தப் பில்லிலும் எழுதுவதில்லை. போர் அளவுக்குள் இருந்தால் ரிங் மட்டும் போடுவது தப்பே இல்லை. அளக்காமல் போடுவதுதான் தப்பு. அதே போல, சூடேறிப் பிடித்துப் போன இன்ஜினுக்குப் புது பிஸ்டன் போட்டுவிட்டு, அடைத்த ரேடியேட்டரை அப்படியே மாட்டி அனுப்புவதும் பிடித்த நோய்க்கு மறுபடி அழைப்பு வைப்பதுதான்.

செகண்ட்ஸ் இன்ஜின் போடலாமா? புதுப்பேட்டையில் கிடைக்காத இன்ஜின் கிடையாது என்பார்கள். மலிவுதான், வேலையும் சீக்கிரம். ஆனால் இன்ஜின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், யாரிடம் வாங்கியது என்பதற்குச் சரியான ரசீது வேண்டும். இல்லையென்றால் எப்.சி.யின்போதோ விபத்து இன்சூரன்ஸ் கேட்கும்போதோ வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். இதில் ஒரு வேடிக்கை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில், பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனம் வைத்திருப்பவருக்கு, அதே மேக், அதே டைப் இன்ஜினை ஒப்புதல் வாங்காமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி தரலாம் என்று இருக்கிறது. பத்து லாரி முதலாளிக்குத் தரக்கூடிய நம்பிக்கையை ஒரே வேனை வைத்துப் பிழைக்கிறவனுக்கும், ரசீதைக் காட்டினால், ஏன் தரக்கூடாது?

எல்லா வண்டியையும் காப்பாற்றச் சொல்லவில்லை. சேஸிஸ் துரு பிடித்துவிட்டால் இன்ஜின் போட்டுப் பிரயோசனமில்லை. சட்டம் எத்தனை வருடம் ஓட விடும் என்பதையும் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் 15 வருடம் தாண்டிய வாடகை வண்டிகளை 2008-ல் உயர்நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. அங்கே 13-ம் வருடத்தில் இன்ஜின் வேலை செய்த டாக்ஸிக்காரருக்கு அதைச் சம்பாதித்து எடுக்க இரண்டே வருடம். நம் பக்கமும் 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய சொந்தக் காரின் மறுபதிவுக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. அந்த 48 மாதக் கணக்கில் இதையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும்.

இப்போது நம் வீட்டு விஷயம். நம் ஆட்டோமொபைல் லேபில் வெட்டிக் காட்டிய இன்ஜின் இருக்கிறது. பெயின்ட் அடித்து அழகாக இருக்கிறது. போர் டயல் கேஜ் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. பரீட்சைக்குத் தேய்மானத்தின் படம் வரைகிறோம், தேய்ந்த சிலிண்டர் ஒன்றைத் தொட்டு அளந்தவர் நம்மில் எத்தனை பேர்? மாதம் இரண்டு சனிக்கிழமை, ஆசிரியர் மேற்பார்வையில், ஊர் வண்டிக்காரர்களுக்குக் கம்ப்ரெஷனும் இறக்கிய பிளாக்கின் போரும் அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். வேலை நாம் செய்ய வேண்டாம்; அளவு மட்டும் போதும். அந்தத் தாளோடு ஒர்க் ஷாப்புக்குப் போகிறவரிடம் "புல் இன்ஜின்" என்று வாய்க்கு வந்தபடி சொல்ல முடியாது.

பேரவைச் செயலாளரிடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழகுவதற்குத் தேய்ந்த பிளாக் இரண்டு தருவதாகப் பட்டறை அண்ணனும் சொல்லியிருக்கிறார். தூக்கி வர ஒரு டெம்போவும் கை கொடுக்க நாலு பேரும் வேண்டும். மூன்றாமாண்டு நண்பர்கள் பெயர் கொடுக்கலாம்.