இறங்கும் நேரத்தில் விழும் விமானங்கள்

"ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை எதற்காக மாற்ற வேண்டும்?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு. விமானம் ஓட்டுவதைக் கணினித் திரையில் போலச்செய்யும் மென்பொருளை, அதாவது ஃப்ளைட் சிமுலேட்டரைப் பயன்படுத்துவோரிடையே அவர்கள் சற்று அதிகம். 2006 அக்டோபரில் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பவர்களை இன்றும் காணலாம். 64-பிட், பல கருக்கள் கொண்ட செயலிகள், புதிய வரைகலை இடைமுகங்கள், இப்போது ஏ.ஆர்.எம். சில்லுகள் என்று வன்பொருளின் கட்டமைப்பு மாறும்போதெல்லாம் "எங்களை விட்டுவிடுங்கள்" என்பதே அவர்களுடைய குரல்.

அவர்கள் சொல்வது தவறு என்பது என் துணிபு. எதிர்ப்பக்கத்தில் நின்று "புதியதற்கு வா" என்று கைகாட்டும் நிறுவனங்களும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 32-பிட் கணக்கு. ஓர் ஊரில் வீட்டு இலக்கங்கள் குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருந்தால், அதற்கு மேல் எத்தனை வீடு கட்டினாலும் தபால்காரர் அங்கே போக முடியாது. 32-பிட் முகவரியில் 4,294,967,296 இலக்கங்களே உண்டு. அதாவது 4 ஜிகாபைட். உங்கள் கணினியில் 32 ஜிகாபைட் நினைவகம் இருந்தாலும் ஒரு 32-பிட் மென்பொருளுக்கு அதில் நாலுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. 32-பிட் விண்டோஸிலே வழக்கமாக அதிலும் பாதிதான் கிடைக்கும்.

இதன் விளைவை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இலண்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் பொறுமையாக ஓட்டி வருவார்கள். வழிநெடுக நிலக்காட்சிகள் நினைவகத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய நுட்பமான விமானம் ஒரு பங்கைப் பிடித்திருக்கும். இறங்கவேண்டிய விமான நிலையத்தின் கட்டடங்கள், விளக்குகள், ஓடுபாதைக் குறியீடுகள் எல்லாம் ஏறும் கடைசிக் கட்டத்தில் 'டிங்' என்று ஓர் ஒலி, ஒரு பிழைச்செய்தி, பிறகு வெறும் மேசைத்திரை! விமானப் பயணத்தில் எந்தக் கட்டத்தைப் பழகுவது மிக அவசியமோ அந்தக் கட்டத்தில்தான் இந்த மென்பொருள் மூச்சை விட்டது. இதைத்தான் "ஒழுங்காக ஓடுகிறது" என்கிறார்கள்.

ஏன் இப்படி அமைந்தது? இந்தத் தலைமுறை மென்பொருளை வடிவமைத்த நாட்களில், செயலியின் வேகம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகும் என்பது பொதுவான நம்பிக்கை. ஒற்றைக் கரு, மேலும் மேலும் வேகம். வெப்பம் அந்தக் கனவைக் கலைத்தது. 2004 மே மாதத்தில் இன்டெல் நிறுவனம் 'தேஜாஸ்' என்ற அடுத்த தலைமுறைச் செயலித் திட்டத்தைக் கைவிட்டு, இரட்டைக் கருச் செயலிகளின் பக்கம் திரும்பியது. தொழில் முழுவதும் திரும்பிய அந்தச் சந்தியில் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் நேரே போய்விட்டது. வெளியான அடுத்த ஆண்டு வந்த திருத்தப் பொதி, சில வேலைகளை மற்றக் கருக்களுக்குப் பிரித்துக் கொடுத்ததே தவிர, முக்கியச் சுமை ஒரே கருவின் முதுகிலேயே கிடந்தது. 2009 ஜனவரியில் அதை உருவாக்கிய குழுவையே நிறுவனம் கலைத்தது. கொத்தனார் போய்விட்ட வீடு அது. குடியிருப்பவர்கள் மட்டும் "ஒழுக்கு அவ்வளவு மோசமில்லை" என்று வாளி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விமானப் பாவனை என்ற கலையே புதுப் பொறிகளின் முதுகில் வளர்ந்தது. 1929இல் அமெரிக்காவின் எட்வின் லிங்க் தன் தந்தையின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையின் காற்றுத்துருத்திகளைக் கொண்டு முதல் பயிற்சிப் பொறியைச் செய்தார். புரூஸ் ஆர்ட்விக் எழுதிய நிரல், தனிநபர் கணினி என்பது பிறந்து நடைபழகிய காலத்தில் அப்பிள்-2 கணினியில் பறந்தது. 1982இல் அது மைக்ரோசொஃப்டின் பெயரில் ஐ.பி.எம். கணினிக்கு வந்தது. அதன்பின் சந்தைக்கு வந்த ஐ.பி.எம். 'நகல்' கணினிகள் உண்மையிலேயே ஒத்திசைவானவையா என்று அறிய, லோட்டஸ் 1-2-3யையும் ஃப்ளைட் சிமுலேட்டரையும் ஓட்டிப் பார்ப்பதே வழக்கமாக இருந்தது. வன்பொருளுக்கே உரைகல்லாக இருந்த மென்பொருளின் ரசிகர்கள், இன்று வன்பொருள் மாறுவதைக் கண்டு அஞ்சுகிறார்கள்.

நிற்க. தமிழில் எழுதிப் பிழைக்கும் நமக்கு இந்த வழக்கு புதிதல்ல. இலங்கைப் பத்திரிகை அலுவலகங்களில் பாமினியில் தட்டச்சு செய்த காலத்தை என் தலைமுறையினர் அறிவார்கள். தமிழ்நாட்டில் 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியாக்கங்கள் வந்தன. புலம்பெயர்ந்தோர் மடற்குழுக்களில் திஸ்கி. பிறகு யுனிகோட். அப்போதும் இதே கேள்விதான்: "ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும்? அச்சில் நன்றாகத்தானே வருகிறது?" அச்சில் நன்றாகத்தான் வந்தது. ஆனால் பழைய குறியாக்கத்தில் கிடந்த கட்டுரைகளைத் தேடுபொறிகள் காணவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. மாறியவர்களுக்குக் கைகொடுத்தவை பொங்குதமிழ் போன்ற எழுத்துருமாற்றிகள். பழையதை ஒட்டினால் புதியது விழும், முடிந்தது வேலை. மாற்றத்தை எதிர்த்தவர்களின் கோப்புகள் எத்தனையோ வன்தட்டுகளோடு போய்விட்டன.

எழுத்துருமாற்றி என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பாலம் போட்டுக் கொடுத்துவிட்டு மாறச் சொல்வது ஒன்று. ஆற்றில் தள்ளிவிட்டு மாறச் சொல்வது வேறு. எக்ஸ்-பிளேன் முதலாவதைச் செய்தது. அதன் 10ஆம் பதிப்பில் 64-பிட் வடிவம் வந்தபோது 32-பிட் வடிவமும் கூடவே இருந்தது. 11ஆம் பதிப்பில்தான் பழையது நின்றது. துணைநிரல் செய்வோருக்கு மறுதொகுப்புக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. மைக்ரோசொஃப்டின் பழைய நிரலை உரிமம் பெற்று வளர்த்த லொக்ஹீட் மார்டினின் பிரிபேர்-3டி, 2017 மே மாதத்தில் 64-பிட்டுக்கு வந்தது. அங்கே துணைநிரல் விற்பவர்கள் சிலர், அதே விமானத்துக்கு மறுபடியும் விலை வாங்கினார்கள். பழைய பயனர்களின் கோபத்தில் நியாயமான பகுதி இதுதான். அந்தக் கோபம் விற்பனையாளர் மேல் போகவேண்டியது. 64-பிட் மேல் அல்ல.

மாற்றம் என்றால் நிரலை மறுபடி தொகுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1996 ஜூன் 4ஆம் தேதி ஏரியன்-5 ராக்கெட் புறப்பட்டு நாற்பது விநாடிக்குள் சிதறியது. ஏரியன்-4இலிருந்து அப்படியே எடுத்து வைத்த வழிகாட்டி நிரலில், 64-பிட் மிதவை எண் ஒன்றை 16-பிட் முழு எண்ணுக்குள் திணித்த இடம்தான் வினை. பழைய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த எண் அடங்கியிருந்தது. புதியதன் வேகத்துக்கு அடங்கவில்லை. இடம்பெயர்க்கும்போது ஒவ்வோர் அறையையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும். அதற்கு ஆளும் காலமும் பணமும் செலவாகும். செலவு உண்டு என்பதற்காகப் பழைய வீட்டிலேயே இருந்துவிட முடியாது.

இனி, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் வாதத்துக்கு வருகிறேன். "புதிய கட்டமைப்புக்குப் போனால் ஏழை நாட்டு மாணவன் என்ன செய்வான்?" இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் டொரொண்டோவிலும் சிட்னியிலும் மூன்று திரைகளின் முன்னால் இருப்பவர்கள். ஏழை நாட்டு மாணவனைக் கேடயமாகப் பிடிக்குமுன் அவனுடைய கணினியைப் பார்த்திருக்கிறார்களா?

நான் பார்த்தேன். குருநாகலிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-6 வீதியில், தம்புள்ளைக்குச் சற்று முன்பாக இருக்கிறது கலேவெல. மாத்தளை மாவட்டத்தின் வட பக்கத்துச் சிறு நகரம். சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் கடைத்தெரு. அங்கே கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் உயர்தரம் படிக்கும் பையன் ஒருவன், பழைய இரட்டைக் கருக் கணினியில் ஃப்ளைட்கியர் ஓட்டிக்கொண்டிருந்தான். திறந்த மூல மென்பொருள், விலை இல்லை. இரத்மலானையிலிருந்து கிளம்பி சீகிரிய விமானப்படை ஓடுபாதையில் இறங்கப் பார்க்கிறான். விமானியாக வேண்டுமாம். பயிற்சிக் கட்டணம் அவன் வீட்டார் கனவிலும் காணாத தொகை. வீட்டுக் கணினியில் பறந்த நேரம் உரிமத்துக்கான மணிக்கணக்கில் சேராது என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் வி.ஓ.ஆர். முள்ளைப் படித்து எந்தத் திசையில் இருக்கிறோம் என்று சொல்லத் தெரிகிறது. அந்த வயதில் எனக்கு மிதிவண்டியில் திசை தெரியாது.

அவனுடைய கணினி 64-பிட். இதைத்தான் சொல்ல வந்தேன். ஏ.எம்.டி. நிறுவனத்தின் 64-பிட் செயலிகள் 2003இல் சந்தைக்கு வந்தன. 2006இல் இன்டெலின் கோர்-2 வரிசையும் 64-பிட்டே. கொழும்பில் கழித்துவிடப்பட்டுக் கலேவெலக்கு வந்துசேரும் மேசைக் கணினிகள் அனேகமாக அதற்குப் பிந்தியவை. ஆக, 64-பிட்டுக்குப் போனதால் அந்தப் பையன் எதையும் இழக்கவில்லை. அவன் பெயரால் கண்ணீர் விட்டவர்கள் தங்கள் துணைநிரல்களுக்காகத்தான் அழுதார்கள்.

அவனை வெளியே நிறுத்துவது வேறொன்று. 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசொஃப்டின் புதிய ஃப்ளைட் சிமுலேட்டர், உலகின் நிலப்பரப்பை பிங் வரைபடத்திலிருந்து இணையவழியே இறக்கிக் காட்டியது. கண்கொள்ளாக் காட்சிதான், மறுக்கவில்லை. 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பு இன்னும் ஒருபடி மேலே போய், விமானங்களையும் பெரும்பகுதித் தரவையும் சேவையகத்திலிருந்தே அனுப்பத் தொடங்கியது. குறைந்தபட்சத் தேவையாக 16 ஜிகாபைட் நினைவகமும் விநாடிக்கு 10 மெகாபிட் இணைப்பும் குறிப்பிடப்பட்டன. வெளியான நாளில் சேவையகங்கள் திணறி, காசு கொடுத்து வாங்கியவர்கள் விமானத்துக்குள்ளேயே ஏற முடியாமல் காத்திருந்தார்கள். நல்ல கண்ணாடியிழை இணைப்பு உள்ளவர்களின் கதியே அது. கைபேசித் தரவுப் பொதியைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் கலேவெலப் பையனின் கதி? 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்ட நாடு இது. இங்கே ஒரு வரைகலை அட்டை வாங்குவது குடும்பமே கூடி எடுக்கும் முடிவு.

விண்டோஸ் கதையும் அப்படித்தான். விண்டோஸ்-10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ்-11க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும் தேவை. அதற்கு முந்திய கணினிகளில் பல, விமானத்தின் இறக்கையில் காற்று எப்படிப் பாய்கிறது என்ற கணக்கை நன்றாகவே போடக்கூடியவை. 4 ஜிகாபைட் எல்லை கணிதம் போட்ட எல்லை. இது நிறுவனம் போட்ட எல்லை. இரண்டையும் "புதிய கட்டமைப்பு" என்ற ஒரே உறைக்குள் போட்டு விற்கிறார்கள். வாங்குபவர்களும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே என் கோரிக்கை நிறுவனங்களிடம்தான். செயலி, நினைவகம், வரைகலை இடைமுகம் ஆகியவற்றில் தயங்காமல் முன்னே போங்கள். ஆனால் விமானத்தையும் ஓரளவு நிலக்காட்சியையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு, இணைப்பில்லாமல் பறக்கும் வழியை அடைக்காதீர்கள். ஒரு பதிப்பைக் கைவிடும்போது அதன் கோப்பு வடிவங்களை வெளியிடுங்கள். 2009இல் குழுவைக் கலைத்தபோது மூலநிரலின் உரிமம் லொக்ஹீட் மார்டினுக்குப் போனது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மென்பொருளைத் தூக்கிப்பிடித்த பயனர் கூட்டத்துக்கு ஒன்றும் போகவில்லை. ஃப்ளைட்கியர் 1990களிலிருந்து தாக்குப்பிடித்து நிற்பதற்கு மூலநிரல் எல்லாருடைய கையிலும் இருப்பதே காரணம். யாராவது ஒருவர் புதிய பொறிக்கு அதை எடுத்துச் செல்கிறார்.

அடுத்த மாற்றம் ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. எக்ஸ்-பிளேன் 12 அப்பிளின் சொந்தச் சில்லுகளில் நேரடியாக ஓடுகிறது. இன்டெலுக்காக மட்டும் எழுதிய துணைநிரல்களோ, ரொசெட்டா என்ற மொழிமாற்றி வழியாக மொத்த மென்பொருளையும் திறந்தால்தான் வேலை செய்யும். அந்த ரொசெட்டா மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுமையாக இருக்கும், அதன்பின் பராமரிப்பற்ற பழைய விளையாட்டுகளுக்கான ஒரு பகுதியே மிஞ்சும் என்று அப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. இன்னும் இன்டெல் வடிவத்தை மட்டும் விற்றுக்கொண்டிருக்கும் துணைநிரல் நிறுவனங்கள், அதைத் தங்கள் விற்பனைப் பக்கத்தில் விலைக்குப் பக்கத்திலேயே எழுதிப்போடட்டும்.